வடக்கத்தி மருமகள்

சுனந்தா கருவேலூருணிக்குள் முதன்முதலாகக் கால்வைத்த அன்று அவளை யாரும் கவனிக்கவில்லை. ஊர் மொத்தமும் அவளுடைய மாமனாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பசுவந்தனை பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்களை டிராக்டரில் அழைத்து வந்திருந்தார்கள். ஊர் எல்லையில் மேளக்காரர்கள் காத்து நின்றார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். மாமனார் சாமித்துரைப் பூசாரி, மகன் லிங்கராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பம்பாயில் இட்லி வண்டிக்குப் பக்கத்தில் நின்று நின்று வீங்கிப்போன கால்கள். இறங்கியவர் நடக்கவில்லை. அப்படியே நின்றார். மாலையோடு வந்த ஊர்த்தலைவர் சௌந்தரபாண்டியன், "என்ன சாமி?" என்று கேட்டார்.

"ஊருணியில தண்ணி கிடக்கா?"

"எங்க கிடக்கு? நீங்க போன வருசத்தோட அதுவும் போச்சு."

கூட்டத்தில் சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சுனந்தா டிரெய்லரிலிருந்து தகரப்பெட்டியையும் பாத்திர மூட்டையையும் தானே இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். கறுப்பு மண். காய்ந்து வெடித்திருந்தது. அவள் பிறந்த ஊரிலும் இதே மண்தான். ரயிலில் அத்தனை தூரம் வந்து மறுபடியும் சோலாப்பூரிலேயே இறங்கிவிட்டது போல இருந்தது அவளுக்கு. அது கொஞ்சம் தைரியமாகவும் இருந்தது.

பூசாரி குடும்பம் ஊரைவிட்டுப் போனது எண்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனிப் பொங்கலில். ஊருணிக்கரைக் காளிக்கு அந்த வீட்டு ஆண்கள்தான் தலைமுறை தலைமுறையாகப் பூசை வைத்துவந்தார்கள். அந்த வருஷம் முதல் திருநீறு மேலத்தெருவுக்கா கீழத்தெருவுக்கா என்று தகராறு வந்தது. தட்டை எந்தப் பக்கம் நீட்டினாலும் எதிர்ப்பக்கத்தில் அரிவாள் எழுந்தது. சாமித்துரை தட்டை உள்ளே வைத்துவிட்டு நடையைச் சாத்திப் பூட்டிவிட்டார். அம்மன் முகம் தெரிந்தவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற கூட்டம், கதவு சாத்தியதும் அடித்துக்கொண்டது. சௌந்தரபாண்டியனின் தம்பி கோயில் வாசலிலேயே செத்துப்போனான். போலீஸ் வந்து போன பிறகு, எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தெருவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. நடையைச் சாத்தியவன்தான் ரத்தத்துக்குக் காரணம் என்றார்கள். பூசாரி வீட்டுக்கு ஊரில் தண்ணீரும் கிடையாது நெருப்பும் கிடையாது என்றார்கள். சாமித்துரை மனைவியையும் அரும்புமீசை மகனையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டியில் ரயில் ஏறினார்.

தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைந்த ஒரு சந்தில் அவர்கள் குடியேறினார்கள். அதே சந்தின் கடைசி வீட்டில் சுனந்தாவும் அவள் அம்மாவும் இருந்தார்கள். குழாயடியில் சண்டை போட்டுப் போட்டே சுனந்தா தமிழ் கற்றுக்கொண்டாள். லிங்கராஜின் அம்மா மஞ்சள்காமாலையில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவள்தான். லிங்கராஜின் அம்மா போய்ச்சேர்ந்த பிறகு, அடுப்புப் பற்றவைக்க ஆளில்லாத அந்த வீட்டுக்குள் அவள் மருமகளாக வந்தாள். மாதுங்காவில் ஒரு கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். சாமித்துரை மறுப்பேதும் சொல்லவில்லை. சொல்ல ஊரும் இல்லை, உறவும் இல்லை.

ஊரிலோ மழை தப்பிக்கொண்டே போனது. வைத்த பூசாரி எவரும் நிலைக்கவில்லை. ஒருவருக்குப் பக்கவாதம், ஒருவர் சொல்லாமல் ஓடிப்போனார். கடைசியில் சாமியாடி வாயில் வாக்கு வந்தது, பழைய கையில்லாமல் பூவேற்க மாட்டேன் என்று. தம்பியைப் பறிகொடுத்த சௌந்தரபாண்டியனே ரயிலேறித் தாராவிக்கு வந்தார். இட்லி வண்டியின் முன் ஸ்டூலில் உட்கார்ந்து, "வீட்டுக்கு வந்திருங்க சாமி" என்று கைகூப்பினார். சாமித்துரை கரண்டியைப் போட்டுவிட்டு அழுதார். இட்லித்தட்டோடு வந்த சுனந்தாவைப் பார்த்து, "இது யாரு, மருமவளா? எந்த ஊரு?" என்று கேட்டார் தலைவர்.

"சோலாப்பூர் பக்கம்," என்றான் லிங்கராஜ்.

சோலாப்பூரில் நம் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தலைவர் தலையை ஆட்டினார். லிங்கராஜ் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லாமல் விட்ட வார்த்தைதான் பிறகு வினையாக வந்தது.

கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு இசக்கியம்மாள். கெட்ட மனசுக்காரி இல்லை. வீட்டைக் கூட்டி மெழுக ஒத்தாசைக்கு வந்தவள், குனிந்து பெருக்கிக்கொண்டிருந்த சுனந்தாவின் கழுத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, மஞ்சக்கயிறைக் காணோம்? கருகமணியைப் போட்டிருக்க?"

"இதுதான் எங்க தாலி, மைனி."

"எங்கன்னா யாரு?"

சுனந்தாவுக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் தேவையென்று தோன்றவில்லை. மராட்டிக்காரி என்று சொல்லிவிட்டாள். அடுப்படியில் அவள் சோள மாவை உள்ளங்கையிலேயே தட்டி ரொட்டி போடுவதையும், புருஷனை "அஹோ" என்று கூப்பிடுவதையும் பார்த்த தெருப்பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் கீழத்தெரு மாயகிருஷ்ணனுக்குத் தகவல் போய்விட்டது.

மாயகிருஷ்ணனுக்குப் பூசாரி திரும்பி வந்ததே பிடிக்கவில்லை. மேலத்தெருக்காரரான தலைவர் போய் அழைத்து வந்ததால் முதல் திருநீறு அந்தப் பக்கம்தான் போகும் என்று அவருக்குக் கணக்கு. மறுநாளே ஊர்க்கூட்டம் கூட்டச் சொன்னார்.

கோயில் முன் கொட்டகையில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் மதிலுக்கு வெளியே நின்றார்கள். சுனந்தா மதிலோரம் ஒரு வேம்பின் பின்னால் நின்றாள். அங்கிருந்து புருஷனின் முதுகு மட்டும் தெரிந்தது.

"நான் ஒண்ணுதான் கேக்கேன்," என்றார் மாயகிருஷ்ணன். "பூசாரி சம்சாரம் கையாலதான் அம்மனுக்கு முதப் பொங்கப்பானை ஏறணும். அது காலங்காலமா உள்ள வழக்கம். இந்தப் பிள்ளை யாரு? என்ன குலம்? எந்தச் சாமியைக் கும்பிடுது? உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

மாயகிருஷ்ணன் பூசாரி பக்கம் திரும்பினார்.

"சாமித்துரை, நீரு சொல்லும். உமக்குத் தெரியுமா?"

சாமித்துரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக அவர் கால் வீக்கத்துக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தவள் யாரென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சௌந்தரபாண்டியன் நெற்றியைத் தடவினார். "மாயகிருஷ்ணா, அவசரப்படாத. லிங்கராசு, நீ என்னப்பா சொல்லுத? காப்புக் கட்டுததுக்குள்ள ஒரு முடிவு சொல்லணும். ஊரு ரெண்டுபட்டா எனக்கு இன்னொரு தம்பி இல்லை குடுக்கதுக்கு."

கூட்டத்தில் யாரோ, "அந்தப் பிள்ளையை அது ஊருக்கே அனுப்பிச்சிரட்டும். நம்ம பக்கத்துல ஒரு பொண்ணு பாத்துட்டாப் போச்சு" என்றார். சந்தையில் மாடு மாற்றுகிற குரலில் சொன்னார். அதில் கோபமே இல்லை. அதுதான் சுனந்தாவுக்குப் பயத்தைக் கொடுத்தது.

அவள் லிங்கராஜின் முதுகையே பார்த்தாள். அது அசையவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்ற குரல் மட்டும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சுனந்தா அடுப்பைப் பற்றவைத்தாள். லிங்கராஜ் வாசலிலேயே வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தான். பானைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"கோவில்பட்டியில எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான். ஒரு ரூம் பாத்துத் தருவான். பொங்கல் முடியட்டும். கொஞ்ச நாள்தான். எல்லாம் அடங்கினதும் நானே வந்து கூட்டிட்டு வாரேன்."

சுனந்தா தீயைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள். "கொஞ்ச நாளா?"

"கொஞ்ச நாள்தான்."

அவளுடைய அப்பா சொன்னதும் அதே வார்த்தைதான். கரும்பு வெட்டப் போகிறேன், சீசன் முடிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன், கொஞ்ச நாள்தான் என்று அம்மாவையும் அவளையும் ஊரில் விட்டுவிட்டுப் போனார். கரும்பு வெட்டப் போனவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் மட்டும் வரவில்லை. இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று தெரிந்த பிறகும் அம்மா வண்டிப்பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோளம் தீர்ந்த பிறகுதான் பம்பாய்க்குக் கிளம்பினாள்.

"அஹோ, இங்க பாருங்க," என்றாள் சுனந்தா. "என்னை அனுப்பணும்னா ‘போ’ன்னு சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க, போயிடுறேன். கொஞ்ச நாள்னு மட்டும் சொல்லாதீங்க."

லிங்கராஜ் எழுந்து வெளியே போனான்.

கட்டிலில் கிடந்த சாமித்துரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏத்தா, இங்கன வா" என்று கூப்பிட்டார். அவள் போய்க் கால்மாட்டில் நின்றாள். கிழவர் வழக்கமாகக் காலைப் பிடித்துவிடச் சொல்கிற நேரம் அது. அவளும் பழக்கத்தில் குனிந்தாள்.

"காலு வேண்டாம்," என்றார். "இந்த நடையில ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தட்டை ஏந்திட்டுச் செத்துப்போனாப் போதும்னுதான் இத்தனை வருசம் உசிரைப் பிடிச்சிட்டுக் கிடந்தேன். என் மவன் கையில அதைக் குடுத்துட்டுப் போகணும். எனக்காவப் போயிட்டு வாத்தா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

சுனந்தாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கூட்டத்தில் எவனோ சொன்னது தோலில் பட்டுப் போனது. இது உள்ளே இறங்கியது. கஞ்சித்தண்ணீர் பொங்கி வழிகிற சத்தம் கேட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு பிஞ்சைக் காட்டுக்கு நடுவில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போனாள். கீழத்தெருப் பெண்கள் கிணற்றுத் தொட்டியைச் சுற்றி நெருக்கமாக நின்றுகொண்டார்கள். ஒருத்தியும் அவளைத் திட்டவில்லை. வழியும் விடவில்லை. சுனந்தா குடத்தை இடுப்பில் வைத்தபடி வெயிலில் நின்றாள். அப்போது இசக்கியம்மாள் தன் கயிற்றையும் வாளியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்காமல் தண்ணீர் இறைத்து முதல் வாளியைச் சுனந்தாவின் குடத்தில் ஊற்றினாள்.

திரும்பி வரும்போது சொன்னாள். "என் வாயிலதான் முதல்ல வந்தது. அது எனக்கு உறுத்திட்டே இருக்கு. கேட்டுக்கோ. நாளைக்குப் பூக்கட்டிப் பாக்கப் போறாவ. வெள்ளைப்பூ ஒரு பொட்டணம், செவப்புப்பூ ஒரு பொட்டணம். அம்மன் காலடியில வச்சு எடுப்பாவ. வெள்ளை வந்தா நீ இருக்கலாம். செவப்பு வந்தா..."

"போகணும்."

"தலைவருதான் இந்த யோசனையைச் சொன்னாரு. ரெண்டு தெருவும் ஒத்துக்கிடுச்சு. உன் வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு."

சுனந்தா நின்றுவிட்டாள். குடத்திலிருந்து தண்ணீர் சேலையில் சிந்தியது. "அவரே சரின்னு சொன்னாரா?"

இசக்கியம்மாள் முன்னால் நடந்தாள்.

காப்புக்கட்டு அன்று கோயில் முன்னால் நிற்க இடமில்லை. மாலை கட்ட வந்த பூக்கள் ஓலைப்பாயில் குவிந்து கிடந்தன. மேலத்தெரு ஒரு பக்கம், கீழத்தெரு ஒரு பக்கம். நடுவில் ஒரு ஆள் நடந்து போகிற அளவு இடைவெளி. போன தடவையும் இப்படித்தான் நின்றார்கள் என்பது நினைவில் இருந்தவர்கள் பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள். சாமித்துரை குளித்து ஈரவேட்டியோடு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கருவறைக்குள் போனார். வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டிய இரண்டு பொட்டணங்களைக் காளியின் காலடியில் வைத்தார். ஒன்று உருண்டு விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தார். லிங்கராஜ் படியில் நின்றான். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். சுனந்தா பெண்கள் பக்கத்தில் இசக்கியம்மாளை ஒட்டி நின்றாள். அவன் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான்.

பேபி என்று ஒரு சின்னப்பிள்ளை, தலைவர் வீட்டுப் பேத்தி. அதைத் தூக்கி உள்ளே விட்டார்கள். அது ஒரு பொட்டணத்தை எடுத்துக்கொண்டு வந்து சௌந்தரபாண்டியன் கையில் கொடுத்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நாரின் முடிச்சைத் தேடினார். அத்தனை பேர் இருந்தும், வேப்பமரத்தில் காக்கை இறங்கிய சத்தம் கேட்டது.

சுனந்தா நடந்தாள். யோசித்துக்கொண்டு நடந்ததாக அவள் பிற்பாடு ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு தெருவுக்கும் நடுவிலிருந்த அந்த இடைவெளி வழியாகவே போய்த் தலைவருக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள்.

"என்னைப் பத்திக் கேட்ட பூவு. என் கையில குடுங்க."

அவர் திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார். அவள் அதைப் பிரிக்கவில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"வெள்ளையா இருந்தா நான் இங்க இருப்பேன். சிவப்பா இருந்தாலும் நான் இங்க இருப்பேன். அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்? நான் சீட்டுக் குலுக்கி இவருக்குச் சம்சாரம் ஆகலை. இவரு போன்னு சொன்னா மட்டும் போறேன். இவரு சொல்லட்டும்."

முதலில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு மாயகிருஷ்ணன் கத்தினார். "அம்மன் வாக்கைக் கையில மூடிக்கிட்டு நிக்கா! வாங்குங்கலே அதை!"

கீழத்தெருவிலிருந்து ஒருவன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். பச்சைக் கண்ணாடி வளையல்கள் நொறுங்கிச் சதைக்குள் ஏறின. ரத்தம் முழங்கை வரை வடிந்தது. பொட்டணம் கீழே விழுந்தது. லிங்கராஜ் படியிலிருந்து குதித்து அவன் மேல் விழுந்தான். மேலத்தெருவிலிருந்து நான்கைந்து பேர் ஓடிவந்தார்கள். கீழத்தெருவில் கம்பு எழுந்தது. பூக்குவியல் மிதிபட்டு, அரளியும் பிச்சியும் செவ்வந்தியும் காலோடு காலாகச் சிதறின. யாரோ ஒரு பெண் "பூட்டுங்க, நடையைச் சாத்துங்க!" என்று அலறினாள்.

சௌந்தரபாண்டியன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தம்பி விழுந்ததும் அதே இடத்தில்தான். கம்பு வைத்திருந்த ஒருவன் தலைவரைத் தாண்டிப் போக முடியாமல் தயங்கினான். அவன் நின்றதும் அவனுக்குப் பின்னால் வந்தவனும் நின்றான்.

அதற்குள் சாமித்துரை வெளியே வந்திருந்தார். சாவி அவர் கையில் இருந்தது. எல்லோரும் கதவைத்தான் பார்த்தார்கள். அவர் கதவைத் தொடவில்லை. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். மருமகளிடம் வந்து, தோளில் கிடந்த துண்டால் அவள் கையைச் சுற்றிக் கட்டினார்.

"அன்னைக்கு நான் நடையைச் சாத்துனேன். ஊரைவிட்டு விரட்டுனீங்க. ஞாயந்தான்," என்றார். குரல் பெரிதாக எழவில்லை. அதனால் எல்லோரும் அமைதியானார்கள். "இன்னைக்குத் தொறந்து போட்டுட்டுப் போறேன். யாரு வேணும்னாலும் பூசை வைங்க. போயிருன்னு இந்தப் பிள்ளை காலைப் பிடிச்சேன், முந்தாநாளு. அந்தப் பாவத்தோட நான் இனி தட்டைத் தொட முடியாது."

சாவியைத் தலைவரின் மடியில் வைத்தார்.

தலைவர் நிமிர்ந்து லிங்கராஜைப் பார்த்தார். "நீ என்னலே சொல்லுத?"

லிங்கராஜின் உதடு கிழிந்திருந்தது. இத்தனை நாளும் வாய்க்குள்ளேயே கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "அவ போகமாட்டா. நானும் போகமாட்டேன், அண்ணாச்சி. பூசை இல்லைன்னா இல்லை. எங்க தாத்தன் வீடு இது. இங்கனதான் இருப்போம். இன்னொரு தடவை ரயிலேற முடியாது."

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. மிதிபட்டுக் கிடந்த பூக்களில் எது பொட்டணத்துப் பூவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மன் காலடியில் மிச்சமிருந்த பொட்டணத்தைப் பிரித்துப் பார்க்கவும் எவரும் துணியவில்லை. வெள்ளையைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் அந்த ஊரில் இன்றும் இருக்கிறார்கள். சிவப்பைப் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எப்போதும்வென்றான் ஊரிலிருந்து கூலிக்கு ஒரு பூசாரியை வரவழைத்துப் பொங்கலை ஒப்பேற்றினார்கள். சாமித்துரை வீட்டுக்கு வெளிப்படையாக யாரும் தடை போடவில்லை. ஆனால் கீழத்தெருக் கடையில் உப்புக் கேட்டால் தீர்ந்துவிட்டது என்றார்கள். கிணற்றில் அவள் போனால் மற்றவர்கள் விலகி நின்றார்கள். அந்த வீட்டுக்கு நல்லது கெட்டதுக்குச் சொல்லிவிட ஆள் வரவில்லை. லிங்கராஜ் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தான். சுனந்தா களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் போனாள். பிறந்த ஊரில் பார்த்த வேலைதான். முதல் வருஷம் அவளை மேலத்தெருப் பிஞ்சைகளில் மட்டும் கூப்பிட்டார்கள், அதுவும் இசக்கியம்மாள் சொன்னதால்.

அந்த நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பூக்கட்டிப் பார்க்க அவன் சம்மதம் சொன்னதை அவளால் சட்டென்று விழுங்க முடியவில்லை. அவன் கேட்காமலே தண்ணீர் எடுத்துவந்து வைப்பான். விறகு பிளந்து போடுவான். அவள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். ஒருநாள் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவன், "கந்தகம் பட்டு விரலெல்லாம் எரியுது" என்றான். அவள் தேங்காயெண்ணெயை எடுத்துவந்து அவன் கையைப் பிடித்துத் தடவிவிட்டாள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது.

சாமித்துரை அடுத்த ஐப்பசியில் இறந்தார். அவருக்கும் சுனந்தாவுக்கும் இடையில் அன்று அவர் கெஞ்சிக் கேட்டதைப் பற்றிய பேச்சு மறுபடி எழவே இல்லை. கடைசி வரைக்கும் அவர் காலைப் பிடித்துவிட்டது அவள்தான். நாலு நாளாக மழை விடாமல் பெய்து வண்டிப்பாதையெல்லாம் சேறு முழங்கால் வரை ஏறியிருந்தது. பாடை தூக்க ஆள் வருமா என்று லிங்கராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சௌந்தரபாண்டியன் குடையில்லாமல் வந்தார். மேலத்தெருவில் கொஞ்சம் பேர் வந்தார்கள். பாடை ஊருணிக்கரையைத் தாண்டும்போது கீழத்தெருவிலிருந்து இரண்டு வாலிபர்கள் ஓடிவந்து பின்பக்கம் தோள் கொடுத்தார்கள். அதில் ஒருவன் அன்று சுனந்தாவின் கையை முறுக்கியவன். ஏன் வந்தாய் என்று லிங்கராஜ் கேட்கவில்லை. சேற்றில் கால் வழுக்காமல் போய்ச் சேர்வதிலேயே எல்லோருடைய கவனமும் இருந்தது.

அதற்கு அப்புறம் கடையில் உப்பு கிடைத்தது.

அடுத்தடுத்து இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். பெரியவளுக்கு லிங்கராஜ் தன் அம்மா பெயரை வைத்தான். சின்னவளுக்குச் சுனந்தா தன் அம்மா பெயரை வைத்தாள். கூலிப் பூசாரிக்கு வயதாகி அவர் வருவது நின்றுபோனது. இரண்டு வெள்ளிக்கிழமை காளிக்கு விளக்கு ஏற்ற ஆளில்லை. மாசி முடிகிற சமயத்தில் ஊரார் பூசாரி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மாயகிருஷ்ணனும் வந்திருந்தார். கூட்டத்தின் பின்னால் நின்றார்.

"லிங்கராசு, சாவியை வாங்கிக்கோ," என்றார் சௌந்தரபாண்டியன்.

"எங்கிட்டக் கேக்காதீங்க அண்ணாச்சி. அவகிட்டக் கேளுங்க."

உள்ளேயிருந்து சுனந்தா வந்தாள். பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். அவள் என்ன கேட்பாளோ என்று எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்வாள் என்று மாயகிருஷ்ணன் எதிர்பார்த்திருப்பார் போல. தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராகத்தான் நின்றார்.

"இவிய பூசை வைக்கட்டும்," என்றாள் சுனந்தா. ஊர்ப்பேச்சு அவளிடம் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. "இவிய அப்பா அதுக்காகத்தான் இங்கன வந்தாரு. முதப் பொங்கப்பானையை மட்டும் நான் வைக்கமாட்டேன்."

"அதென்ன தாயி," என்றார் தலைவர். "இப்ப நாங்களே வைக்கச் சொல்லுதோம்லா?"

"அன்னைக்கு உங்களுக்கு வேண்டாம். இன்னைக்கு எனக்கு வேண்டாம். இசக்கி மைனி வைக்கட்டும்."

பூசாரி சம்சாரம் வைக்காமல் எப்படி என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மாயகிருஷ்ணன்தான் அதை அடக்கினார். "சொல்லுதது அதோட இஷ்டம். விடுங்கப்பா," என்றார். அவர் சுனந்தாவைப் பார்த்துப் பேசவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை. அந்த இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

பங்குனிப் பொங்கல் அன்று லிங்கராஜ் விடியுமுன்னே எழுந்து குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனான். பிள்ளைகள் இரண்டும் புதுப்பாவாடை கட்டிக்கொண்டு அப்பா பின்னால் ஓடின. சுனந்தா வெடித்து நின்ற பருத்தியை எடுக்கப் போய்விட்டாள். கடைசி எடுப்பு. விட்டால் காற்று கொண்டுபோய்விடும். இசக்கியம்மாள் பொங்கல்பானையை இறக்கிவைத்துவிட்டு, நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமுமாக வெயிலேறப் பிஞ்சைக்கே வந்துவிட்டாள்.

"முதத் திருநீறு யாருக்குன்னு கேக்கலியே நீ?"

"யாருக்கு?"

"தட்டைக் கீழ இறக்கி வச்சுட்டாரு உன் வீட்டுக்காரரு. வேணுங்கிறவங்க குனிஞ்சு எடுத்துக்கிடுங்கன்னுட்டாரு. ரெண்டு தெருவும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துக்கிட்டு நின்னாவ. பொறவு பொம்பளையளுதான் முதல்ல குனிஞ்சோம்."

சுனந்தா சிரித்துவிட்டாள். கோயில் பக்கமிருந்து மணி கேட்டது.

"போயி ஒரு கும்பிடு போட்டுட்டு வாயேன் ஏட்டி. நான் பாத்துக்கிடுதேன்."

சுனந்தா மடியில் சேர்ந்த பஞ்சைச் சாக்கில் தள்ளிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். "இந்த நிரை முடியட்டும் மைனி," என்றாள்.